அந்தச் சிவப்புப் புள்ளி அழுக்கு இல்லை

நேற்று மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்கவில்லை, செங்கல்பட்டிலிருந்து பேனர் கடைக்காரர் போன் பண்ணினார். உன் கல்யாண ரிசப்ஷனுக்கு மண்டப வாசலில் வைக்கச் சொல்லி நீ வாட்ஸப்பில் ஒரு பனிமலைப் படம் அனுப்பியிருந்தாயாம். சந்தேகம் கேட்கலாம் என்றால் நீ போனை எடுக்கவில்லையாம், அதனால் வீட்டு நம்பருக்குப் போட்டாராம். "அம்மா, மலை சூப்பரா கீதும்மா. ஆனா நடுவுல கொஞ்சம் கீழ செவப்பா ஒரு புள்ளி கீது. லென்ஸ்ல அழுக்கு கிழுக்கு ஒட்டிக்கினு இருந்திச்சா இன்னான்னு தெர்ல. நம்ம பையன் ரெண்டே நிமிஷத்துல எடுத்துடுவான். எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். பாவம், வேலையைச் சுத்தமாகச் செய்ய நினைக்கிற மனுஷன். "அது அழுக்கு இல்லீங்க, என் வூட்டுக்காரர்" என்றேன். உடனே "சாரிம்மா, சாரிம்மா" என்று நாலு தடவை சொன்னார். அவர் எதற்கு சாரி சொல்ல வேண்டும்? சொல்ல வேண்டியவன் நீ. பிரிண்ட் போட வேண்டாம், நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கை கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தேன். உன் அப்பா வந்துதான் குழாயை மூடினார்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் "அம்மா, ஷூட்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பாய். உன்னுடைய அந்த அப்புறம் இதுவரை வந்ததே இல்லை. எழுத்தை நீ பாதியில் கட் பண்ண முடியாது. செங்கல்பட்டு ஆபீஸில் காலமெல்லாம் பத்திரம் எழுதிப் பதிவு செய்தவள் நான், என் கையெழுத்து உனக்குப் புரியும், சாக்குச் சொல்லாதே. கவரை ஒட்டப் போவதில்லை. கோவளத்தில் உன் ஸ்டுடியோவில் வேலை செய்கிற பிள்ளைகள் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். அவர்களும் நாளைக்கு யாரையாவது எங்கேயாவது நிற்கவைத்துப் படம் எடுக்கப் போகிறவர்கள்தானே. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் விட்டுக்கொடுத்துப் போ, சிக்கனமாக இரு என்றெல்லாம் இருக்கும். அதை உன் பெரியப்பா மண்டபத்தில் மைக் கிடைத்தால் சொல்லிக்கொள்வார். நான் கோபமாக இருக்கிறேன். இது ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தால் உன் கல்யாணம் முடிந்துவிடும், நீ அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பனிக்குக் கிளம்பிவிடுவாய். அதனால் சூடாகவே எழுதுகிறேன்.

உன் தொழில் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. முட்டுக்காட்டுப் படகிலும் மாமல்லபுரத்துக் கடற்கரையிலும் கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிகளை நிற்கவைத்து நீ எடுக்கிற படங்களை நம் அணுபுரம் டவுன்ஷிப்பில் என் சிநேகிதிகள் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டவள்தான் நான். ஆனால் உன் உயிர் அதில் இல்லை, பனிமலையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உப்புக் காற்றிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அந்த வெள்ளை மேல் அப்படி என்ன கிறுக்கு என்று நானும் யோசித்திருக்கிறேன். அந்த வைட் லென்ஸை நீ முதன்முதலில் வாங்கி வந்த அன்று கேமராவை என் கையில் கொடுத்து ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? கை நீட்டினால் எட்டுகிற பக்கத்து வீட்டு முருங்கை மரம் தெருக்கோடிக்குப் போய்விட்டது. "இன்னாடா இது, கிட்ட கீறத இம்மாந் தூரமா காட்டுது?" என்றேன். நீ சிரித்தாய். அதுதான்மா இதன் குணம், மலையே இதில் சின்னதாகிவிடும், அதனால் முன்னால் ஒரு ஆளை நிற்கவைக்க வேண்டும், அந்த ஆள் துளியாகத் தெரிந்தால்தான் மலை எவ்வளவு பெரிசு என்று பார்க்கிறவனுக்குப் புரியும் என்றாய். பனியைக் கேமரா நம்பாது, சாம்பலாக்கிவிடும், வெளிச்சத்தைக் கூட்டி வைக்க வேண்டும் என்றும் சொன்னாய். தோசை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கிட்ட இருப்பதைத் தூரமாகக் காட்டும் என்று நான் அன்றைக்குக் கேட்டதை மட்டும் நீயே மறந்துவிட்டாய்.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ தெரிந்த மாதிரி நடந்துகொள்ளவில்லை. அணுமின் பிளாண்டில் ஷிப்டு முடிந்தாலும் மாற்று ஆள் வந்து நிற்காமல் தன் இடத்தை விட்டு நகராத மனுஷன் அவர். மாற்று வருகிறவர் பஸ்ஸைத் தவறவிட்டால் இங்கே என் சாம்பார் ஆறிப்போகும். அந்தப் புத்தியோடுதான் உன் கேமரா முன்னாலும் நின்றார். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உன் சித்தப்பா கொடுத்த பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு மாமல்லபுரத்துக்குப் போனோமே, அந்த உருண்டைப் பாறைக்குக் கீழே எல்லோரும் செய்வது போலப் பாறையைத் தாங்குகிற மாதிரி ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவர் நின்றார். நீ பேட்டரியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தாய். பின்னால் வரிசையில் நின்றவர்கள் "இன்னா சார், பாறைய வூட்டுக்கு எடுத்துனு போறியா?" என்று கத்தினார்கள். வேர்வை கண்ணில் இறங்குகிறது, துடைக்கக்கூட அவர் கையை இறக்கவில்லை. நீ "முடிஞ்சுதுப்பா" என்று சொன்ன பிறகுதான் இறக்கினார். அதற்கப்புறம் நம் வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. நீ அந்த வார்த்தையைச் சொல்லும்வரை அவர் அசைய மாட்டார். பொங்கல் பானை பக்கத்தில், புது ஸ்கூட்டர் பக்கத்தில், ரிட்டயர்மென்ட் மாலையோடு, எங்கே நிறுத்தினாலும் அப்படித்தான். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

இப்போது போன தை மாசத்துக்கு வருகிறேன். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், உங்களுக்கு நான் பனி காட்டுகிறேன் என்று மணாலிக்கு மேலே எங்கேயோ ஒரு பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போனாய். பிள்ளை கூட்டிப்போகிறான் என்று அவர் டவுன்ஷிப் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். மணாலிக் கடையில் அவருக்கு ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தாய். குளிருக்கு வாங்கிக் கொடுத்தாய் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். கடைக்காரன் முதலில் எடுத்துப் போட்டது சாம்பல் நிறத்தில், நல்ல கனமானது. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, மெல்லிசாக இருந்தாலும் சிவப்புதான் வேண்டும், வெள்ளையில் எடுப்பாகத் தெரியும் என்று நீ சொன்னதை நான் கேட்டேன். அவருக்குச் சொல்லவில்லை. உன் கேமரா பேட்டரி குளிரில் செத்துவிடும் என்று அதையெல்லாம் அவர் தன் பனியனுக்குள் வைத்துச் சூடாக வைத்துக்கொண்டார். கோழி முட்டையை அடைகாக்கிற மாதிரி கையால் பொத்திக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். "புள்ளைக்கு ஒரு ஒத்தாசை" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்த இடத்தில் நான் ஜீப்பை விட்டு இறங்கவில்லை, மூச்சு வாங்கியது. கண்ணாடி வழியாக எல்லாம் பக்கவாட்டில் தெரிந்தது. நீ மூன்று கால் ஸ்டாண்டைப் போட்டுக் குனிந்துகொண்டிருந்தாய். அவர் உனக்கு முன்னால் நடந்து போனார். "இன்னும் கொஞ்சம் பின்னாடி போப்பா. இன்னும் கொஞ்சம். ரைட்ல. அங்கதான்." உன் சத்தம் எனக்கே கேட்டது. நம் வீட்டு வாசலிலிருந்து மூலைக் கடைக்குப் போகிற தூரம்கூட இருக்காது, அவ்வளவு கிட்டத்தில்தான் நின்றார். அவர் காலுக்குக் கீழே இருந்தது தரை இல்லை, ஓடையின் மேல் மூடிய பனி என்று எங்கள் யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். முதலில் முழங்கால் வரை இறங்கினார். நான் பார்த்தேன். சரி, காலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. நேராக நின்றுகொண்டே இருந்தார். நீ லென்ஸில் எதையோ திருகிக்கொண்டே இருந்தாய். அப்புறம் இடுப்பு வரை போய்விட்டார். ரெண்டு கையையும் மேலே தூக்கினார். நீ என்ன செய்தாய்? "சூப்பர்ப்பா! அப்படியே இரு!" என்று கத்தினாய். மலையைப் பார்த்துக் குஷியில் கையைத் தூக்குகிறார் என்று நினைத்துவிட்டாய், இல்லையா? உன் கண் அந்தக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் அவர் எங்கேயோ தூரத்தில் ஒரு பொட்டு. கண்ணை எடுத்துவிட்டுச் சும்மா நிமிர்ந்து ஒரு தடவை பார்த்திருந்தால் உன் அப்பாவின் வாய் கோணிப்போயிருந்தது உனக்குத் தெரிந்திருக்கும். ஜீப்பில் இருந்த எனக்குத் தெரிந்ததே.

நான் கத்திக்கொண்டு இறங்கி ஓடினேன். டிரைவர் என்னைத் தாண்டி ஓடினான். அவன் படுத்துக்கொண்டு ஒரு கையைப் பிடித்தான், நான் இன்னொரு கையைப் பிடித்தேன், என் புடவை முழுக்க நனைந்தது. நீ கடைசியில்தான் வந்தாய். வரும்போது உன் கையைப் பார்த்தேன். லென்ஸுக்கு மூடியைப் போட்டுவிட்டு வந்திருந்தாய். வேண்டுமென்றே செய்தாய் என்று நான் சொல்லவில்லை, உன் கை தானாகச் செய்திருக்கும், தொழில் பழக்கம். ஆனால் அந்த மூடி என் நெஞ்சில் இருக்கிறது. அப்புறம் நீ அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஜீப் வரைக்கும் ஓடியதும், அழுததும் நிஜம். அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், உன் அம்மா ஒரு பக்கமாகப் பேசுகிறாள் என்று நீ சொல்லக் கூடாது. அறைக்கு வந்து சேர்ந்ததும் மறுபடியும் என்ன செய்தாய்? குளிரிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்தால் கேமராவுக்குள் வேர்த்துவிடும் என்று முதலில் அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாய். உன் அப்பா நனைந்த சாக்ஸோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். குளிரிலிருந்து வந்த கேமராவை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த உனக்கு, குளிரிலிருந்து வந்த காலை என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. எனக்கும் தெரியாதுதான். ஹீட்டர் பக்கத்தில் வைத்துத் தேய்த்தேன், அது தப்பு என்று பிற்பாடு டாக்டர் திட்டினார்.

அவரைக் கேட்டேன். முழங்கால் இறங்கியதுமே ஏன் வரவில்லை, காலில் தண்ணீர் தெரியவில்லையா என்று கேட்டேன். "தெரிஞ்சுதுடி. சுரீர்னு ஏறிச்சு. ஆனா அவன் முடிஞ்சுதுன்னு சொல்லலியே. நகந்தா படம் கெட்டுடுமேன்னு பாத்தேன். அப்பாலிக்கு அப்படியே இருன்னு வேற சொன்னான்." சொல்லிவிட்டுப் பனியனுக்குள் கையை விட்டுப் பார்த்தார். "பேட்டரி நனையலை" என்றார். அன்றைக்கு அவர் மேலும் எனக்குக் கோபம்தான். உன் மேல் வந்ததில் பாதி அவர் மேல் வந்தது. இப்படி ஒரு மனுஷன் இருப்பாரா? ஆனால் அவரை அப்படிப் பழக்கியது யார் என்று யோசித்தால் கோபம் திரும்ப உன் வாசலுக்கே வந்து நிற்கிறது.

ஊருக்கு வந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், பனியில் மரத்துக் கறுத்துப்போன இடது கால் கட்டை விரலையும் அதற்கடுத்ததையும் எடுத்தார்கள். விரல்தானே, நடக்கிறாரே என்று நீ ஆறுதல் சொன்னாய். கூடவே இருக்கிற எனக்குத்தான் தெரியும். அவருக்கு ரப்பர் செருப்பு நிற்பதில்லை, வாரைப் பிடித்துக்கொள்ள விரல் இல்லை. இடது செருப்பு முன்னால் ஓடும், அவர் பின்னால் தேடுவார். சாயங்காலம் கடற்கரை மணலில் நடக்காமல் தூங்காதவர், இப்போது மணலில் கால் ஒரு பக்கமாகச் சரிகிறது என்று ரோட்டோரம் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரைப் பார்க்கிறார். என்னிடம்கூட ஒரு குறை சொன்னதில்லை. நேற்று பேனர் கடைக்காரர் கேட்டதை அவரிடம் சொன்னேன். சிரிக்கிறார். "புள்ளியாவா கீறேன்? பரவால்லியே, மலை நல்லா பெருசா வந்துகீதுல்ல?" என்கிறார். அந்தப் படத்தைக் கடைக்காரரிடம் போனில் அனுப்பச் சொல்லி வாங்கி நான் விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தனை படம் எடுத்தாயே, எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாய் பார். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். இடுப்புக்குக் கீழே அவர் இல்லை. உன் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று, அப்பா எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் பாருங்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். அவருக்குக் கீழே ஓடை ஓடுகிறது என்று உனக்குத் தெரியும். தெரிந்தே அனுப்பியிருக்கிறாய்.

இதெல்லாம் போகட்டும் என்றுகூட விட்டிருப்பேன். நீ சொன்ன பொய்யை என்னால் விட முடியவில்லை. ஹரிணி வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தபோது, அப்பாவுக்குக் காலில் என்ன என்று அவர்கள் கேட்டதற்கு, சுகர், அதனால் விரல் எடுத்தாச்சு என்று சொல்லிவிட்டாய். நடந்ததைச் சொன்னால் பெண்ணைப் பனிக்கு அனுப்ப மாட்டார்கள் என்ற பயம். உன் அப்பாவுக்குச் சுகர்! ஜாங்கிரிக்கு உயிரை விடுகிற மனுஷனுக்கு! நிச்சயதார்த்தத்தில் எல்லோர் இலையிலும் கேசரி விழுகிறது, அவர் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டி "வாணாங்க, நமக்கு ஆவாது" என்கிறார். சம்பந்தியம்மா அவருக்கென்று தனி டம்ளரில் சர்க்கரை போடாத டீ கொண்டுவந்து வைக்கிறார்கள். ஹரிணியின் அப்பா நல்ல மனசோடு பாகற்காய்ப் பொடி அரைத்து டப்பா டப்பாவாக அனுப்புகிறார். வாங்கி அலமாரியில் வைத்தால் போதாதா? தினம் காலையில் வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். "அவரு கேட்டா குடிக்கிறேன்னு சொல்லணும்ல, பொய் சொல்லக் கூடாதுல்ல" என்கிறார். போன வாரம் ஹரிணி திடீரென்று வந்து நின்றதும் தின்றுகொண்டிருந்த மைசூர்பாகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெய் ஊறிச் சட்டையெல்லாம் கறை. தன் வீட்டில் தன் பென்ஷனில் வாங்கிய மைசூர்பாகைத் திருடன் மாதிரி ஒளிக்கிறார். அன்றைக்குச் சம்பந்தி வீட்டில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும், நிச்சயம் நின்றுவிடுமோ என்று சும்மா இருந்தேன். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது எரிகிறது.

ஹரிணி எதற்கு வந்தாள் தெரியுமா? புடவையைக் காட்ட வந்தாள். கல்யாணம் முடிந்ததும் நீங்கள் போகிற பனிக்கு என்று நீ தேர்ந்தெடுத்த புடவை. பிரித்துப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. "அத்தை, அந்த எடத்துலயே எடுக்கலாம்னு சொல்லிகீறாரு. மாமா படம் இருக்குல்ல, அதே மலை. நான் சும்மா நின்னா போதுமாம், துளியூண்டுதான் தெரிவேனாம். முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் அசையக் கூடாதாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவள் அசைய மாட்டாள் என்று எனக்குத் தெரியும். மாமல்லபுரத்தில் உங்கள் ரெண்டு பேருக்கும் உன் சிநேகிதன் எடுத்த வீடியோவைப் பார்த்தேனே. ஒரு இடத்தில் நீயே கேமராவை வாங்கி அவளைத் தனியாக எடுக்கிறாய். அலை வருகிறது, அவள் முழங்காலில் அடிக்கிறது, தடுமாறுகிறாள், ஆனாலும் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு உன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் பார்வையை நான் எத்தனையோ வருஷமாக உன் அப்பா முகத்தில் பார்த்தவள். அன்றைக்கு வெளியே வந்து வண்டி ஏறும்போது அவள் கேட்டாள், "அத்தை, மாமாவுக்கு இப்ப சுகர் எவ்ளோ கீது? கட்டுக்குள்ள இருக்கா?" என்று. அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லாதே என்று என் முந்தானையை இழுக்கிறார். "நீ பத்திரமா போம்மா" என்று மட்டும் சொன்னேன்.

கேமராவைத் தூக்கிப் போடு, பனிக்குப் போகாதே என்று நான் எழுதவில்லை. போ. உனக்குப் பிடித்ததை விட்டால் நீ வெறும் ஆளாகிவிடுவாய், அது எனக்கும் வேண்டாம். நீ எடுத்த அந்த மலையைப் பார்த்தால், அவ்வளவு கோபத்திலும், அழகாக இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றியது. அதற்காகவும் ஆத்திரமாக வந்தது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். உன் மேல் பிரியம் வைத்தவர்கள் நீ நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பார்கள். ஏன் என்று கேட்க மாட்டார்கள், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள், கால் மரத்துப்போனாலும் சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் இப்படி ஆட்கள் கிடைப்பதில்லை, உனக்கு ரெண்டு பேர் கிடைத்திருக்கிறார்கள். அவர்களை நிறுத்துவதற்கு முன்னால் நீ போய் அந்த இடத்தில் நின்று பார். படம் எடுக்கும்போது நடுநடுவே கண்ணை எடுத்து வெறும் கண்ணால் பார். வேலை முடிந்ததும் முடிந்தது என்று உடனே சொல். இதற்கு லென்ஸும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

இன்னொன்று. திருவிடந்தைக் கோயிலில் கல்யாணம் கூடி வர வேண்டும் என்று நீ மாலை போட்டுக்கொண்டு பிரகாரம் சுற்றினாயே, அந்த மாலை நம் பூஜை அலமாரியில் காய்ந்து சருகாகத் தொங்குகிறது. அன்றைக்கு உன் அப்பா விரல் எடுத்த காலோடு, வெயிலில் கொதிக்கிற கல்லில், நீ சுற்றிய சுற்றெல்லாம் உன் பின்னாலேயே சுற்றினார். கல்யாணம் ஆனதும் நீயும் ஹரிணியும் அந்தப் பழைய மாலையை எடுத்துக்கொண்டுபோய்ப் பெருமாளிடம் சேர்க்க வேண்டும். ரெண்டு பேரும் முழுசாகப் போய் முழுசாக வர வேண்டும். அவளும் ஒரு செருப்பைத் தேடிக்கொண்டு நடக்கிறதை என்னால் பார்க்க முடியாது. அதனால் அவளுக்கு நடந்தது நடந்தபடி தெரிந்தாக வேண்டும். தெரிந்த பிறகும் அவள் வருகிறேன் என்றால் அது அவள் இஷ்டம், உன் கூடப் பார்த்து நிற்பாள். தெரியாமல் அவள் அங்கே நிற்கக் கூடாது. நிற்க விடமாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஹரிணி வீட்டில் நம் எல்லோருக்கும் கல்யாணத்துக்கு முந்தைய விருந்து. உனக்கு அன்றைக்கு ஷூட் இருந்தால் கேன்சல் பண்ணு. பாயசம் வரும். உன் அப்பா வழக்கம்போலக் கையைக் குறுக்கே நீட்டுவார், நமக்கு ஆகாது என்பார். அப்போது நீ எல்லோருக்கும் முன்னால் பேசு. அவருக்குச் சுகர் இல்லை என்று சொல். சிவப்பு ஸ்வெட்டரைச் சொல், ஓடையைச் சொல், "அப்படியே இரு" என்று நீ கத்தியதைச் சொல். ஹரிணியின் முகத்தைப் பார்த்துச் சொல். நீ சொல்லவில்லை என்றால் பாயசம் ஆறுவதற்குள் நான் சொல்வேன், நான் சொன்னால் இந்தக் கடிதத்தில் இருக்கிற மாதிரி லென்ஸ் மூடி வரைக்கும் சொல்வேன். சம்பந்தி கோபப்பட்டால் கோபப்படட்டும், கல்யாணமே நின்றாலும் நிற்கட்டும், உன் பொய்யின் மேல் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவதைவிட அது மேல்.

சொல்லி முடித்த பிறகு எழுந்து போய் அந்தப் பாயச டம்ளரை உன் அப்பா கையில் கொடு. அவர் உடனே வாங்க மாட்டார், உன் முகத்தைப் பார்ப்பார். அன்றைக்கு அந்தப் பனியில் நீ சொல்ல மறந்த வார்த்தையை இன்னும் சொல்லவில்லை, தெரியுமா உனக்கு? நாங்கள் இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தோம், நீ வரச் சொல்லவில்லை. அவர் இன்னும் உனக்காக அங்கேயேதான் நிற்கிறார், கசப்புப் பொடியைக் குடித்துக்கொண்டு, மைசூர்பாகை ஒளித்துக்கொண்டு, உன் படம் கெட்டுவிடக் கூடாது என்று அசையாமல் நிற்கிறார். கிட்டே போய், குனிந்து, அவருக்குக் கேட்கிற மாதிரி "முடிஞ்சுதுப்பா" என்று சொல்.